புது கோல்ஃப் டிரைவர் வாங்கினால் தூரம் கூடுமா, பழையதே போதுமா?

டீ மேடை:

என்னிடம் இருப்பது 2007 வாக்கில் வந்த 460 சிசி டைட்டானியம் டிரைவர், அதாவது கோல்ஃபில் தூரமாக அடிக்க எடுக்கும் நீளமான கிளப் (மட்டை). பந்தை அடிக்கும் முகத்தில் விரிசல் இல்லை, மேல்மூடியில் ஒரு ஓரத்தில் மட்டும் பெயின்ட் போயிருக்கிறது. நடுவில் பட்டால் இன்றும் பந்து நன்றாகவே போகிறது. ஆனால் கூட ஆடுகிறவர்கள் எல்லோரும் மாற்றிவிட்டார்கள். டீயில் (முதல் அடி அடிக்கும் இடத்தில்) நிற்கும்போதெல்லாம் "இன்னும் இதையா வைத்திருக்கிறாய்" என்ற பேச்சு வந்துவிடுகிறது.

ஒவ்வொரு ஆண்டும் போன ஆண்டை விடப் பத்து யார்டு கூடுதல் என்று விளம்பரம் வருகிறது. அது உண்மையானால் 2007லிருந்து இன்றைக்குள் நூற்றைம்பது யார்டுக்கு மேல் கூடியிருக்க வேண்டும். அப்படி யாரும் அடித்து நான் பார்க்கவில்லை. அதற்காக எல்லாம் சும்மா என்று தள்ளிவிடவும் முடியவில்லை. என்னோடு ஆடுகிறவர்களின் மோசமான அடிகள் முன்பு போல அவ்வளவு மோசமாகப் போவதில்லை, அதைக் கண்ணால் பார்க்கிறேன்.

அளந்து பார்த்தவர்கள், கிளப் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இத்தனை வருடத்துப் பழைய டிரைவருக்கும் இன்றையதற்கும் நிஜமாக என்ன வித்தியாசம்? டைட்டானியம் முகம் நாளாக ஆக உயிர் போய்விடும் என்கிறார்களே, அது சரியா?

ஸ்பின் கணக்கு:

நல்ல கேள்வி. முதலில் விதியிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது.

முகம் எவ்வளவு துள்ளலாம் என்பதற்கு யுஎஸ்ஜிஏ (அமெரிக்க கோல்ஃப் சங்கம்) 1998லேயே வரம்பு வைத்துவிட்டது. சிஓஆர் (மோதலில் எவ்வளவு வேகம் மீளும் என்ற விகிதம்) 0.830, அதற்கு மேல் கூடாது. 2004ல் அளக்கும் முறையை மாற்றினார்கள். ஒரு சிறிய எஃகு ஊசலை முகத்தில் மோதவிட்டு, அது எத்தனை மைக்ரோ விநாடி ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். வரம்பு 239, அளவீட்டுப் பிழைக்காக 18 சேர்த்து 257. தலையின் கொள்ளளவு 460 சிசிக்கு மேல் போகக்கூடாது என்பதும் அதே காலத்து விதிதான். 2006ல் எம்ஓஐக்கும், அதாவது தலை திரும்பாமல் எதிர்க்கும் அளவுக்கும், வரம்பு வந்தது.

ஆக, உங்கள் 2007 டிரைவர் இந்த எல்லா வரம்புகளும் வந்த பிறகு செய்யப்பட்டது. அப்போதே பெரிய நிறுவனங்களின் முகங்கள் வரம்பை ஒட்டித்தான் இருந்தன. இன்றைக்கு வருவதும் அதே வரம்புக்குள்தான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். தலையின் எடை 200 கிராம், பந்து 46 கிராம், சிஓஆர் 0.83. நடுமுகத்தில் பட்டால் பந்தின் வேகம் தலையின் வேகத்தைப் போல சுமார் 1.49 மடங்கு. லாஃப்ட் (முகத்தின் சாய்வுக் கோணம்) காரணமாகக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மணிக்கு 100 மைல் வேகத்தில் ஸ்விங் செய்கிறவருக்குப் பந்து 149 மைலில் கிளம்பும். 2007லும் அதே கதை, இன்றும் அதே கதை. 1.60 தரும் டிரைவர் என்று யாராவது சொன்னால் அவருடைய லான்ச் மானிட்டரை, அதாவது அடியை அளக்கும் கருவியைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

நடுவில் பட்ட அடிக்கு மட்டும்தான் இதைச் சொல்கிறேன். ஓரத்தில் பட்டதற்குக் கணக்கு வேறு.

பெர்சிமன் பிரியர்:

ஸ்பின் கணக்கு சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் "பழைய டிரைவர்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது. எவ்வளவு பழையது என்பதுதான் கேள்வி.

என்னிடம் பெர்சிமன் மரத் தலைகள் சில இருக்கின்றன, இன்றும் ஆடுகிறேன். தலை உள்ளங்கையில் அடங்கும். இரும்பு ஷாஃப்ட் (தண்டு), நீளம் 43 அங்குலத்தை ஒட்டி. நடுவில் பட்டால் கைக்குத் தெரியவே தெரியாது, அவ்வளவு மெத்தென்று போகும். கால் அங்குலம் தள்ளிப் பட்டாலே முழங்கை வரைக்கும் சேதி வந்துவிடும். இதற்கும் இன்றைய டிரைவருக்கும் உள்ள இடைவெளி உண்மையிலேயே பெரியது. அதில் விளம்பரப் பேச்சு எதுவும் இல்லை.

டெய்லர்மேட் நிறுவனம் முதல் உலோக வுட்டை (மரத்துக்குப் பதில் உலோகத் தலை வைத்த கிளப்பை) கொண்டுவந்தது 1979ல். கேலவேயின் பிக் பெர்த்தா 1991ல் வந்தபோது அதன் 190 சிசி தலையைப் பார்த்து இவ்வளவு பெரிதா என்றார்கள். 1995ல் டைட்டானியத்தில் கிரேட் பிக் பெர்த்தா, சுமார் 250 சிசி. அதிலிருந்து பத்தே வருடத்துக்குள் 460ஐத் தொட்டுவிட்டார்கள். முகம் மெலிந்தது, தலை பெருத்தது, ஷாஃப்ட் கிராஃபைட்டாகி எடை பாதியானது, நீளம் 45 அங்குலத்தைத் தாண்டியது. இத்தனையும் ஒரே காலகட்டத்தில் நடந்தவை.

அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரின் சராசரி டிரைவிங் தூரத்தில் இதை அப்படியே பார்க்கலாம். 1980ல் சுமார் 257 யார்டு, 2003ல் சுமார் 286. அதற்கடுத்த பத்து வருடம் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. பிறகு மெல்ல ஏறி இப்போது 300ஐ ஒட்டி நிற்கிறது. இந்தப் பிந்தைய ஏற்றத்தில் உடற்பயிற்சிக்கும், சின்ன வயதிலிருந்தே வேகத்துக்குப் பழகி வந்த பையன்களுக்கும் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது: பந்து. 2000 அக்டோபரில் டைட்லிஸ்டின் ப்ரோ வி1 பந்து டூருக்கு வந்தது. நூல் சுற்றிய பலாட்டா பந்துகள் ஓரிரு வருடத்திலேயே காணாமல் போயின. அந்தக் காலத்துத் தூர உயர்வில் பந்துக்குச் சேர வேண்டியதையும் டிரைவர் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம்.

காற்றெதிர்:

எல்லாம் சரி சார், ஆனால் நான் போன ஆண்டு மாற்றினேன். 2006 மாடலை வைத்துவிட்டுப் புதியது வாங்கினேன். பதினைந்து யார்டு கூடியிருக்கிறது. மானிட்டரில் இல்லை, மைதானத்தில். வழக்கமாக நான் விழும் மணல் பங்கரைத் தாண்டி இப்போது பந்து நிற்கிறது. விதியைக் காட்டி, கணக்கைக் காட்டி இதை இல்லை என்று சொன்னால் நான் எப்படி ஏற்றுக்கொள்வது? பந்து விழுந்த இடம் பொய் சொல்லாதே.

ஸ்பின் கணக்கு:

யாரும் இல்லை என்று சொல்லவில்லை நண்பரே. பங்கரைத் தாண்டியது உண்மைதான். எது தாண்ட வைத்தது என்பதைத்தான் பார்க்கணும். பழையதில் லாஃப்ட் எவ்வளவு, ஷாஃப்ட் என்ன? புதியதில் என்ன?

காற்றெதிர்:

பழையது 9 டிகிரி, ஸ்டிஃப் (விறைப்பான) ஷாஃப்ட். அந்தக் காலத்தில் எல்லோரும் 9தான் வாங்குவார்கள். புதியது ஃபிட்டிங்கில் (என் ஸ்விங்குக்குப் பொருத்திப் பார்த்தபோது) 10.5 ஆக வைத்தார்கள், ரெகுலர் ஷாஃப்ட், பழையதை விட இலேசானது. என் ஸ்விங் வேகம் 90 மைலை ஒட்டி.

ஸ்பின் கணக்கு:

அப்படியானால் உங்கள் பதினைந்து யார்டு எங்கே இருந்து வந்தது என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது.

90 மைல் வேகத்தில் 9 டிகிரி லாஃப்டை வைத்துக் கீழ்நோக்கி அடித்தால் பந்து தாழ்வாகக் கிளம்பும். காற்றில் நிற்க நேரமே கிடைக்காது. அதே வேகத்துக்கு உயரமாகக் கிளம்பி, ஸ்பின் (பந்தின் சுழற்சி) அளவாக இருந்தால் கேரி (தரையைத் தொடும் முன் பறக்கும் தூரம்) கூடும். முகத்தின் துள்ளல் துளியும் மாறாமலே கூடும்.

இதற்கு நல்ல சான்று லான்ச் மானிட்டர் நிறுவனமான டிராக்மேன் சில வருடங்களுக்கு முன் வெளியிட்ட டூர் சராசரிகள். பிஜிஏ டூரில் தலை வேகம் 113 மைல், பந்தைச் சற்றுக் கீழ்நோக்கி அடிக்கிறார்கள், பந்து 10.9 டிகிரியில் கிளம்புகிறது, கேரி 275 யார்டு. எல்பிஜிஏ என்ற பெண்கள் டூரில் 94 மைல். ஆனால் அவர்கள் 3 டிகிரி மேல்நோக்கி அடிக்கிறார்கள், பந்து 13.2 டிகிரியில் கிளம்புகிறது, கேரி 218. ஒரு மைல் தலை வேகத்துக்கு எத்தனை யார்டு என்று வகுத்துப் பார்த்தால் ஆண்களுக்கு 2.43, பெண்களுக்கு 2.32. வேகம் குறையக் குறைய இந்த விகிதம் நன்றாகவே விழ வேண்டும். அதை இவ்வளவு தூரம் தாங்கிப் பிடிப்பது அவர்கள் பந்தைக் கிளப்பும் விதம்தான். நம்மைப் போன்றவர்கள் பார்த்துப் படிக்க வேண்டியது அவர்களைத்தான்.

ஆகையால் உங்கள் லாபத்தின் பெரும்பகுதி லாஃப்டும் ஷாஃப்டும் தந்தது. உங்கள் பழைய மாடலையே 10.5ல் வாங்கி அதே ஷாஃப்டைப் போட்டிருந்தாலும் அதில் பெரும்பங்கு கிடைத்திருக்கும் என்பதுதான் என் வாதம்.

காற்றெதிர்:

சரி, ஏற்கிறேன். ஆனால் அந்தப் பழைய டிரைவரில் லாஃப்டை மாற்ற வழியே இல்லையே! ஷாஃப்ட் சேரும் கழுத்து ஒட்டியது. புதியதில் ஒரு சாவியைத் திருப்பினால் மாறுகிறது. அதுவும் டிரைவரின் முன்னேற்றம்தானே? அதை மட்டும் ஏன் கணக்கில் சேர்க்கக்கூடாது?

மெதுஸ்விங்:

காற்றெதிர் கேட்டது நியாயம். திருப்பி மாற்றும் கழுத்தை விதி அனுமதித்ததே 2008 ஜனவரியிலிருந்துதான். அதற்கு முன் எடைத் திருகுகள் மட்டும்தான், 2004ல் வந்த டெய்லர்மேட் ஆர்7 குவாட் மாதிரி. அதனால் 2009க்குப் பிறகு வந்தவற்றுக்கு இந்த ஒரு வசதி நிச்சயம் கூடுதல்.

ஆனால் எனக்கு முக்கியமானது வேறு. நான் மெதுவாக ஸ்விங் செய்கிறவள், 12 டிகிரி டிரைவர் வைத்திருக்கிறேன். நடுமுகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று இங்கே நிறையப் பேசிவிட்டீர்கள். நடுமுகத்தில் எத்தனை முறை படுகிறது என்று யாரும் பேசவில்லையே?

பாதத்துக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை டிரைவர் முகத்தில் மெல்லிய பூச்சாக அடித்துவிட்டு ஆடிப் பாருங்கள். பந்து பட்ட இடம் வட்டமாக, பந்தின் டிம்பிள் (குழி) அச்சோடு தெரியும். துடைக்காமல் அடுத்த அடியும் அடியுங்கள். நான் அப்படிச் செய்தபோது அச்சுகள் எல்லாம் ஹீல் பக்கம் (ஷாஃப்டை ஒட்டிய ஓரம்), கொஞ்சம் கீழே, கூட்டமாக விழுந்திருந்தன. நடுவில் ஒன்றிரண்டுதான். சுமாராக ஆடுகிற எவருடைய முகமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

ஓரத்தில் பட்டால் தலை திரும்பும். திரும்பும்போது பல்சக்கரங்கள் மாதிரி பந்து எதிர்த்திசையில் சுழலும். கியர் எஃபெக்ட் என்பது அதுதான். டோவில் (ஹீலுக்கு எதிர் ஓரத்தில்) பட்டால் இடப்பக்கம் வளையும், ஹீலில் பட்டால் வலப்பக்கம் வளையும், வலக்கைக்காரருக்கு. கீழ்ப்பகுதியில் பட்டால் ஸ்பின் ஏறிப் பந்து மிதந்து விழும். மேல்பகுதியில் பட்டால் ஸ்பின் குறையும், அதனால்தான் சற்று மேலே பட்ட அடி பல நேரம் நடுவில் பட்டதை விடத் தூரம் போகிறது.

தலை எவ்வளவு குறைவாகத் திரும்புகிறது என்பதுதான் எம்ஓஐ. கழைக்கூத்தாடி கையில் நீளக் கழி இருப்பதற்கு என்ன காரணமோ அதேதான் இங்கும்: எடை ஓரங்களுக்குப் போகப் போகத் திருப்புவது கடினம். இந்த இடத்தில்தான் இன்றைய டிரைவர்கள் உண்மையில் முன்னேறியிருக்கின்றன. மேல்மூடியைக் கார்பனில் செய்து மிச்சப்படுத்திய எடையைக் கீழேயும் பின்னாலும் கொண்டுபோய் வைக்கிறார்கள். முகத்தை ஒரே தடிமனாக விடாமல் இடத்துக்கு இடம் மாற்றி, ஓரத்திலும் துள்ளல் குறையாதபடி செய்கிறார்கள். விதி சொல்வது உச்சவரம்பு மட்டும்தான். அந்த உச்சத்தை முகத்தின் எவ்வளவு பரப்புக்கு விரிக்கலாம் என்பதில்தான் இத்தனை வருட வேலையும் நடந்திருக்கிறது.

டீ மேடை அண்ணா முதலில் எழுதினாரே, நண்பர்களின் மோசமான அடிகள் முன்பு போல் மோசமாகப் போவதில்லை என்று, அது இதுதான்.

ஸ்பின் கணக்கு:

மெதுஸ்விங் எழுதியதற்கு ஒரு சேர்க்கை. 2024ல் பிங்கும் டெய்லர்மேடும் "10கே" என்று விற்றார்கள். பத்தாயிரம் என்பது இரண்டு அச்சுகளின் எம்ஓஐயையும் கூட்டிய எண். விதியின் வரம்பு ஹீல்-டோ திருப்பத்துக்கு மட்டும்தான், 5900, பிழைக்கு 100. மேல்-கீழ்த் திருப்பத்துக்கு வரம்பே கிடையாது. அதனால் இப்போது வளர இடம் இருப்பது அந்தப் பக்கம்தான். கீழே பட்ட அடிகளுக்கு உதவும் என்பதால் அது வெறும் விற்பனை எண் இல்லை.

ஆனால் 2007லேயே நைக்கியின் சதுரத் தலை சூமோ வந்தது, பெயரிலேயே 5900 என்று போட்டுக்கொண்டு. ஹீல்-டோ எம்ஓஐயில் வரம்பை எட்டும் முயற்சி அப்போதே நடந்துவிட்டது. காதுக்கு இதமாக இல்லை, பார்க்கவும் பலருக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கு அதே எண்ணை வழக்கமான வடிவத்தில், கேட்கும்படியான சத்தத்தோடு தருகிறார்கள். இதைச் சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை. பார்த்தாலே பிடிக்காத கிளப்பை நம்பி யாராலும் முழு ஸ்விங் செய்ய முடியாது.

பெர்சிமன் பிரியர்:

எல்லோரும் புதியதுதான் வேகம் என்று வைத்தே பேசுகிறோம். தலைகீழான உதாரணமும் இருக்கிறது.

2000ல் கேலவே ஈஆர்சி என்று ஒரு டிரைவர் கொண்டுவந்தது. யுஎஸ்ஜிஏ வரம்பை மீறிய முகம். அமெரிக்காவில் விதிப்படி ஆட முடியாது. ஆனால் ஆர் அண்ட் ஏ (பிரிட்டனில் உள்ள விதி அமைப்பு) ஆளும் மற்ற நாடுகளில் அப்போது துள்ளலுக்கு வரம்பே இல்லை, தாராளமாக ஆடலாம். அடுத்து வந்த ஈஆர்சி 2க்கு பழம்பெரும் ஆட்டக்காரர் ஆர்னால்ட் பாமரே ஆதரவு தெரிவித்துப் பெரிய சர்ச்சையானது. உலகம் முழுவதும், எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரே விதி என்று ஆனது 2008 ஜனவரியில்தான். இடைப்பட்ட வருடங்களில் ஜப்பான் சந்தைக்கென்றே வரம்பு மீறிய டிரைவர்கள் நிறைய வந்தன.

அவற்றில் ஒன்று உங்கள் கைக்கு வந்தால், நடுமுகத்தில் இன்று விற்கும் எந்தச் சட்டப்படியான டிரைவரை விடவும் வேகமாக இருக்கும். பழையதுதான், ஆனால் மெதுவானதில்லை. போட்டியில் மட்டும் எடுத்துப்போக முடியாது.

பட்டறை மேசை:

ரிப்பேர் பட்டறையிலிருந்து எழுதுகிறேன். உயிர் போய்விடும் என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

டைட்டானியம் முகம் அடிபட அடிபடத் துள்ளல் குறைந்து சோர்ந்துவிடும் என்பது ரொம்ப நாளாகச் சுற்றும் பேச்சு. நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. முகம் நாளாக நாளாக இளகி, துள்ளல் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், ஒருநாள் விரிசல் விடும் வரைக்கும். 2019 பிரிட்டிஷ் ஓப்பனில் டூர் ஆட்டக்காரர் சாண்டர் ஷாஃபிலியின் டிரைவர் துள்ளல் சோதனையில் தோற்றது நினைவிருக்கும். 2025 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ஸ்காட்டி ஷெஃப்லரின் டிரைவரும் ரோரி மெக்கில்ராயின் டிரைவரும் அதேபோல் வரம்பைத் தாண்டிவிட்டன என்று ஒதுக்கப்பட்டன. ஷெஃப்லர் மாற்று டிரைவரை வைத்தே அந்தப் பட்டத்தை வென்றார். அவர்கள் யாரும் திருட்டுத்தனம் செய்யவில்லை. நாள் முழுக்க அந்த வேகத்தில் அடித்தால் முகம் அப்படி ஆகிவிடுகிறது.

நம் வேகத்தில் அடிக்கிறவர்களுக்கு இது நடக்க ரொம்பக் காலம் ஆகும். எனவே டீ மேடை சார், உங்கள் முகம் சாகவில்லை. சந்தேகம் இருந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள்: முகத்தின் கோடுகளை ஒட்டி, முகமும் மேல்மூடியும் சேரும் விளிம்பு, கழுத்தின் அடி. நகத்தை வைத்துத் தடவினால் விரிசல் தட்டுப்படும். சத்தத்தையும் கவனியுங்கள். கணீரென்று இருந்தது திடீரென்று தகரம் மாதிரி அடித்தால் எங்கோ விட்டிருக்கிறது என்று அர்த்தம். தலையை ஆட்டும்போது கலகலவென்றால் உள்ளே பசைத்துண்டு உதிர்ந்திருக்கும், அதனால் ஆபத்தில்லை.

பழைய டிரைவரில் உண்மையில் செத்துப்போவது கைப்பிடியில் இருக்கும் கிரிப். ரப்பர் கண்ணாடி மாதிரி வழுக்கும், அதற்காக நாமே அறியாமல் இறுக்கிப் பிடிப்போம், வேகம் போய்விடும். டிரைவர் தூரம் போகவில்லை என்று பட்டறைக்கு வருகிறவற்றில் முதலில் அதைத்தான் மாற்றுவேன்.

இன்னொரு சங்கதி. தலையில் 10.5 என்று பொறித்திருந்தால் உள்ளே 10.5 இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு டிகிரி கூட இருப்பது சாதாரணம், சில நேரம் இன்னும் அதிகம். ஒரு காலத்தில் குறைந்த எண் பொறித்ததைத்தான் எல்லோரும் கௌரவம் என்று வாங்கினார்கள், கம்பெனிகளும் அதற்கேற்ப எண்ணைப் போட்டன. அளவியில் வைத்துப் பார்க்காமல் இரண்டு டிரைவர்களை ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது வருடங்களை இல்லை, லாஃப்டை.

டீ மேடை:

அருமையான தகவல்கள், எல்லோருக்கும் நன்றி. நகத்தை வைத்துத் தடவிப் பார்த்தேன், எங்கும் தட்டுப்படவில்லை. கிரிப் விஷயத்தில் பட்டறை மேசை சார் சொன்னது என் டிரைவரையே பார்த்துவிட்டுச் சொன்ன மாதிரி இருக்கிறது.

ஒரு நண்பர் அவருடைய புதிய டிரைவரை ஒரு நாள் தருவதாகச் சொல்கிறார். எப்படி ஒப்பிட்டால் நியாயமாக இருக்கும்? ஏதாவது லான்ச் மானிட்டர் உள்ள இடத்துக்குப் போகலாமா?

ஸ்பின் கணக்கு:

போகலாம், சில விஷயங்களைக் கவனித்தால்.

முதலில் பந்து. பயிற்சி மைதானத்துப் பந்துகள் வேண்டாம், நீங்கள் ஆடும் அதே பந்தைக் கொண்டுபோங்கள். இரண்டு டிரைவருக்கும் ஒரே பந்துதான். அடுத்தது வரிசை. பழையதில் எல்லா அடியையும் முடித்துவிட்டுப் புதியதை எடுத்தால், உடம்பு சூடாகிய பிறகு புதியதை அடிக்கிறீர்கள். நியாயமில்லை. நாலு இது, நாலு அது என்று மாற்றி மாற்றி அடிக்கணும். களைத்துப் போகும் முன் நிறுத்திவிட்டு, முடிந்தால் இன்னொரு நாளும் செய்யுங்கள். புதுக் கிளப்பைக் கையில் எடுத்த முதல் நாள் எல்லோரும் கொஞ்சம் வேகமாகவே ஸ்விங் செய்கிறோம். தலை வேகம் எவ்வளவு என்று மானிட்டர் காட்டும், அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பிறகு, மிகச் சிறந்த அடியை ஒப்பிடவே கூடாது. கடைகளில் அதைத்தான் காட்டுவார்கள். எல்லா அடியையும் எழுதி, தூரத்தின்படி அடுக்கி, நடுவில் இருப்பதைப் பாருங்கள். அப்புறம் மோசமான நாலைந்தை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள்: எவ்வளவு குறைந்தது, எவ்வளவு பக்கவாட்டில் போனது. மெதுஸ்விங் சொன்ன ஸ்ப்ரேயையும் அடித்துக்கொள்ளுங்கள், எங்கே பட்டது என்று தெரியாமல் எண்களை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும்.

பந்தின் வேகம் ஒரு மைல் கூடினால் கேரி ஏறக்குறைய இரண்டு யார்டு கூடும். இரண்டு டிரைவருக்கும் இடையில் நடுவில் பட்ட அடிகளின் வேகம் ஓரிரண்டு மைலுக்குள் இருந்தால் முகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

காற்றெதிர்:

நான் இதைச் செய்து பார்த்தேன். பழைய டிரைவர் இன்னும் வீட்டில் இருக்கிறது. புதியதைச் சாவியால் 9.5க்குக் குறைத்து வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றி அடித்தேன்.

நடுவில் பட்ட அடிகளில் பந்து வேகம் கிட்டத்தட்ட ஒன்றேதான். கணக்கு சொன்னது சரி. ஆனால் ஹீலில் பட்ட அடிகளைப் பார்த்தால் புதியது தெளிவாகவே ஒரு படி மேலே. வேகம் குறைவாக இழக்கிறது, பந்தும் வலப்பக்கம் அவ்வளவு ஓடவில்லை. ஒரு சுற்றில் என் டீ அடிகளில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவைதான். எனக்கு ஸ்கோர் கார்டில் தெரிவது அந்த அடிகள்தான். அதனால் "புதியது சிறந்தது" என்ற என் பேச்சில் மாற்றமில்லை, காரணத்தை மட்டும் இப்போது எண்களோடு சொல்ல முடிகிறது.

மெதுஸ்விங்:

ரொம்ப நல்ல சோதனை. இதைத்தான் பார்க்க ஆசைப்பட்டேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். புதியவை எல்லாம் ஒரே மாதிரி மன்னிக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. ஒரே வருடத்து ஒரே குடும்பத்திலேயே எடையை முன்னால் வைத்த மாடல் ஒன்று இருக்கும், பின்னால் வைத்த மாடல் ஒன்று இருக்கும். முன்னால் வைத்தால் ஸ்பின் குறையும், எம்ஓஐயும் குறையும். 2013ல் டெய்லர்மேட் எஸ்எல்டிஆர் வந்தபோது எடையை முன்னால் தள்ளிவிட்டு, லாஃப்டைக் கூட்டி வாங்குங்கள் என்று அவர்களே சொன்னார்கள். வேகமாக ஸ்விங் செய்கிறவர்களுக்கு அது அற்புதமாக வேலை செய்தது. மெதுவானவர்கள் பலருக்குப் பந்து மேலே நிற்கவே இல்லை. என்னைக் கேட்டால், அப்படி ஒரு குறை ஸ்பின் புது மாடலை விட, எடை பின்னால் இருக்கும் பத்து வருடத்துப் பழைய டிரைவர் மெதுவானவர்களுக்கு நல்லது.

பெர்சிமன் பிரியர்:

சாதாரண ஆட்டக்காரர்களை வைத்து ஆர் அண்ட் ஏ வருடாவருடம் அளந்த கணக்கும் இங்கே சொல்லத் தகுந்தது. பிரிட்டனில் ஆண் அமெச்சூர்களின் சராசரி 1996ல் சுமார் 200 யார்டு, 2019ல் 216. ஏறிய தூரம் ஏறக்குறைய முழுவதும் 2005க்குள் ஏறி முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் வந்த அத்தனை மாடல்களும் சேர்ந்து அந்தச் சராசரியை அசைக்கவில்லை. மெதுஸ்விங் சொல்லும் லாபம் பக்கவாட்டில் இருக்கலாம், நேர்த் தூரத்தில் அது இந்த எண்ணில் தெரியவில்லை.

டீ மேடை:

நண்பருடைய டிரைவரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நடுவில் பட்டவை சேர்ந்தே விழுந்தன, கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. ஓரத்தில் பட்டவற்றில் அவருடையது நன்றாகவே முந்தியது. என்னுடையதில் அச்சுகள் பெரும்பாலும் டோ பக்கம் இருந்தன. என் ஷாஃப்ட் 46 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, ரொம்பக் கெட்டியானதும்கூட. பந்து தாழ்வாகத்தான் கிளம்புகிறது.

இப்போதைக்கு வாங்கப்போவதில்லை. புதுக் கிரிப், ஷாஃப்டை இலேசானதாக மாற்றிக் கொஞ்சம் குட்டையாக வைப்பது, இந்த இரண்டையும் செய்துவிட்டு இந்தப் பருவம் ஆடிப் பார்க்கிறேன். அப்போதும் அச்சுகள் ஓரத்திலேயே விழுந்தால் எடை பின்னால் இருக்கும் புதியது ஒன்றைப் பார்க்கலாம். பட்டறை மேசை சார், ஒட்டிய கழுத்திலிருந்து ஷாஃப்டைக் கழற்றுவதில் தலைக்கு ஏதும் ஆகாதே?

பட்டறை மேசை:

ஆகாது, பொறுமையாகச் செய்தால். கழுத்தைச் சூடாக்கினால் பசை இளகும். சுவாலையை நேராகக் காட்டாமல் சூடான காற்றைக் காட்டச் சொல்லுங்கள், மேல்மூடிப் பெயின்டுக்கு ஈரத்துணி சுற்றிக்கொள்ளலாம். ஷாஃப்டைத் திருகிக் கழற்றவே கூடாது. கிராஃபைட் இழை உள்ளே பிரிந்துவிடும், அந்த ஷாஃப்ட் வேறு எதற்கும் உதவாது. அதற்கென்று இருக்கும் இழுப்பானில் வைத்து நேர்கோட்டில் இழுக்கணும்.

வாங்கும் ஷாஃப்டின் நுனி 0.335 அங்குலமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வருடத்துத் தலைகளில் பெரும்பாலும் அதுதான், ஆனால் 0.350 உள்ளதும் உண்டு, கழற்றியதும் துளையை அளந்துவிட்டு வாங்குவது நல்லது. 45 அங்குலத்துக்குக் குறைத்தால் தலை கைக்கு இலேசாகத் தெரியும். அரை அங்குலத்துக்கு ஸ்விங்வெயிட் (ஆட்டும்போது கைக்குத் தெரியும் தலை எடையின் அளவு) மூன்று புள்ளி வரை இறங்கும். ஈய டேப்பைத் தலையின் அடியில், பின்பக்கம் பார்த்து ஒட்டினால் சரியாகிவிடும், பந்து கிளம்பும் உயரத்துக்கும் கொஞ்சம் உதவும். பசை காய ஒரு நாள் முழுதாக விடுங்கள், அதற்கு முன் அடித்துப் பார்க்க வேண்டாம்.